களஞ்சியத்து முற்றம்

பாபநாசத்தை அடுத்த திருப்பாலைத்துறைக் கோயிலில் நாயக்கர் காலத்து நெற்களஞ்சியம் ஒன்று இருக்கிறது. வட்டமாக எழுந்து கூம்பாக முடியும் அந்தச் செங்கல் கட்டடமும் ஒரு சன்னதிதான் என்று சிறுவயதில் நினைத்திருந்தேன். நெல் கொட்டி வைக்கவா இவ்வளவு பெரிதாகக் கட்டினார்கள் என்று வியந்தது பிற்பாடுதான். சென்ற கோடையில் இலண்டனில் இருக்கும் மகளைப் பார்க்கப் போயிருந்தபோது, கிங்ஸ் கிராஸ் இரயில் நிலையத்துக்குப் பின்புறமுள்ள கிரானரி ஸ்கொயர் என்ற இடத்துக்கு அவள் அழைத்துச் சென்றாள். அப்படியென்றால் களஞ்சிய முற்றம்தானே என்று கேட்டேன், சிரித்தாள்.

கேட்டது தவறில்லை. லூயிஸ் கியூபிட் வடிவமைத்து 1852-இல் எழுந்த ஆறடுக்குத் தானியக் கிடங்கு அது. லிங்கன்ஷயர் வயல்களின் கோதுமை இரயிலில் வந்து இறங்கும். முன்னாலிருந்த படகுத்துறையிலிருந்து ரீஜண்ட் கால்வாய் வழியாக நகரத்து ரொட்டிக்காரர்களுக்குப் போகும். சரக்குப் போக்குவரத்து லாரிக்கு மாறியபின் கிடங்குகள் ஓய்ந்து, அந்த வட்டாரமே நெடுங்காலம் பாழடைந்து கிடந்தது. பிறகு 67 ஏக்கர் நிலத்தைச் சீரமைத்தார்கள். ஸ்டான்டன் வில்லியம்ஸ் நிறுவனத்தின் வடிவமைப்பில் 2011-இல் கிடங்குக்குள் சென்ட்ரல் செயின்ட் மார்ட்டின்ஸ் கலைக்கல்லூரி குடிவந்தது. அடுத்த ஆண்டு முற்றம் மக்களுக்குத் திறக்கப்பட்டது.

நான் வெகுநேரம் நின்றது முற்றத்து நீரூற்றின் அருகில். ஊற்று என்றால் நம் மனத்தில் ஒரு தொட்டி, நடுவில் ஒரு சிலை, சுற்றிலும் கம்பிவேலி என்றுதான் தோன்றும். அங்கே இவை எதுவுமில்லை. நடக்கும் தரையிலிருந்தே 1,080 நீர்த்தாரைகள் எழுகின்றன. சில கணுக்கால் அளவு, சில ஆளுயரம். அவை அடங்கியதும் அது ஈரமான கல்தரை, அவ்வளவுதான். குழந்தைகள் உள்ளே ஓடுகிறார்கள், யாரும் அதட்டுவதில்லை. என் கால்சட்டையும் முழங்கால்வரை நனைந்தது. பழைய படகுத்துறை இருந்த இடத்தில்தான் இந்த நீர் எழுகிறது என்று மகள் சொன்னபோதுதான் அந்த வேலையின் நயம் எனக்குப் பிடிபட்டது. மூட்டை சுமந்தவனுக்கு ஒரு வெண்கலச் சிலை வைத்து, அடியில் கல்வெட்டும் பதித்து முடித்திருக்கலாம். அப்படிச் செய்யாமல், தண்ணீர் நின்ற இடத்தில் தண்ணீரையே மறுபடி வரவழைத்திருக்கிறார்கள். சரக்குப் பெட்டிகள் ஓடிய தண்டவாளங்களும் அவற்றைத் திருப்பிய சுழல்மேடைகளும் பெயர்க்கப்படாமல் தரையிலேயே பதிந்து கிடக்கின்றன.

முற்றத்தின் தெற்கு ஓரம் அகன்ற படிகளாகக் கால்வாயை நோக்கி இறங்குகிறது. காவிரிக் கரைக்காரனுக்கு இதை விளக்க வேண்டியதில்லை, அது படித்துறை. குளிப்பவர்தான் யாரும் இல்லை. வெயில் காய்பவர்களும் ரொட்டியைப் பிட்டுத் தின்பவர்களும் மணிக்கணக்கில் உட்கார்ந்திருந்தார்கள்.

அருகிலிருந்த பழைய நிலக்கரிக் கொட்டகைகள் இரண்டின் கூரைகளை வளைத்து நடுவில் ஒன்றையொன்று தொடவைத்து, தாமஸ் ஹெதர்விக் 2018-இல் கடைவீதியாக்கியிருக்கிறார். கூரை அழகுதான், கடைகளின் விலைப்பட்டியலைப் பார்த்தபின் அண்ணாந்து பார்ப்பதோடு நிறுத்திக்கொண்டேன். இரயில் நிலையத்தின் பக்கம் ழாக் ரிவால் என்ற பிரெஞ்சுக் கலைஞர் வைத்த மாபெரும் பறவைக்கூண்டின் கம்பிகளுக்கிடையே ஆள் நுழையலாம்; உள்ளே ஊஞ்சல் தொங்குகிறது. ஆடிப் பார்த்தேன் என்பதை இங்கே மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

ஒன்று உறுத்தியது. அந்த முற்றம் பொதுச்சொத்து அன்று. நிலம் தனியாருடையது, காவலும் அவர்களுடையதே. வருகிறவர் விருந்தாளி, அவ்வளவே. திருவாரூரில் கமலாலயக் குளத்தின் படியில் துண்டை விரித்துப் படுப்பவனை யாருடைய விருந்தாளி என்று கேட்க முடியுமா? கோயில் ஐவேலி, குளம் ஐவேலி, ஓடை ஐவேலி என்று அளந்து சொன்ன ஊர் அது. கட்டடத்துக்கு எவ்வளவோ அவ்வளவு இடம் தண்ணீருக்கும் என்ற அந்தக் கணக்கைக் கிங்ஸ் கிராஸ்காரர்கள் கேட்டிருந்தால் மலைத்திருப்பார்கள்.

ஊர் திரும்பியதும் எங்கள் பகுதி ரவுண்டானாவைப் புதுக்கண்ணோடு பார்த்தேன். சில ஆண்டுகளுக்கு முன் அழகுபடுத்துகிறோம் என்று அங்கே சிமெண்டில் ஓர் உழவரையும் இரண்டு காளைகளையும் நிறுத்தி, பளபளக்கும் எனாமல் வண்ணம் பூசி, சுற்றிலும் எவர்சில்வர் கம்பி அடைத்தார்கள். திறப்பு விழாவன்று பீய்ச்சிய நீரூற்று அதன்பின் பீய்ச்சவில்லை. உட்கார ஒரு திண்ணைகூட இல்லை. நிழலுக்கு இருந்த தூங்குமூஞ்சி மரத்தையும் வேலையின்போது வெட்டிவிட்டார்கள். நான் போனது குறுவை அறுவடை நேரம். ஈரப்பதம் கூடுதல் என்று கொள்முதல் நிலையத்தில் எடுக்க மறுத்த நெல்லை, கம்பிவேலியை ஒட்டித் தார்ச்சாலையிலேயே கொட்டி, ஓர் அம்மாள் காலால் துழாவிக்கொண்டிருந்தார். வேலிக்கு உள்ளே சிமெண்டுத் தளம் வெயில் காய்ந்து, ஒரு மணி நெல்லுமின்றிச் சுத்தமாக இருந்தது.