டிரைவர் பக்கக் கதவு: கீல் புஷ் மாற்றியதும் கதவைத் திரும்ப உட்காரவைத்ததும்

கதவு தொங்கிவிட்டது என்றால் பெரும்பாலும் முதலில் கை வைக்கப்படுவது ஸ்ட்ரைக்கரில்தான். வண்டி பாடியின் தூணான பில்லரில் இருக்கும் அந்த இரும்பு வளையத்தைக் கொஞ்சம் கீழே இறக்கிவிட்டால் லாக் ஒழுங்காக விழும், சாத்தும்போது வரும் 'டங்' சத்தமும் போய்விடும். என் பழைய காரிலும் எனக்கு முன்னால் யாரோ அதைச் செய்திருக்கிறார்கள். ஸ்ட்ரைக்கர் போல்ட் அதன் துளையின் அடி விளிம்பில் முட்டிக்கொண்டு நிற்கிறது. இனி இறக்க இடமில்லை, கதவோ இன்னும் இறங்கிக்கொண்டிருக்கிறது. சரி, கீலையே பார்த்துவிடலாம் என்று இறங்கினேன்.

சோதனை எளிது. கதவைப் பாதி திறந்து, பின் விளிம்பைக் கீழிருந்து தூக்கிப் பார்க்க வேண்டும். ஒருவர் தூக்க, இன்னொருவர் கீலருகே குனிந்து பார்த்தால் எது நகர்கிறது என்று தெரிந்துவிடும். கீலின் நடுவே இருக்கும் அச்சுக் கம்பி, அதாவது 'பின்' (pin), அசையாமல் நிற்க, கதவுப் பக்கத் தகடு மட்டும் அதைச் சுற்றி ஆடினால், அந்தக் கம்பியைச் சுற்றியிருக்கும் சிறு குழாயான புஷ் போய்விட்டது. கீலோடு சேர்ந்து பில்லர் தகடே அசைந்தால் அது துரு, வெடிப்பு, வெல்டிங் என்று போகும் வேறு வேலை. எனக்கு முதல் வகைதான். மேல் கீலின் ஆட்டம் கண்ணுக்கே தெரிந்தது, கீழ்க் கீலின் ஆட்டம் விரலை வைத்தால்தான் தெரிந்தது.

மேல் கீல் முந்திக்கொண்டு தேய்கிறது என்று நானும் நினைத்திருந்தேன், பலரும் அப்படித்தான் சொல்கிறார்கள். உண்மையில் கதவின் எடை இரண்டையும் எதிரெதிர்த் திசையில் வேலை வாங்குகிறது. மேல் கீலைப் பின்னோக்கி இழுக்கிறது, கீழ்க் கீலை முன்னோக்கித் தள்ளுகிறது. இரண்டு ஆட்டமும் சேர்ந்து கதவைச் சாய்க்கிறது, அதுவும் பெருக்கிக் காட்டுகிறது. என் வண்டியில் கீல்களுக்கு இடையே உயரம் 38 செ.மீ., கீலிலிருந்து லாக் வரை சுமார் ஒரு மீட்டர். அதாவது கீலில் ஒரு மில்லிமீட்டர் ஆட்டம் இருந்தால் லாக்கில் இரண்டரை மில்லிமீட்டருக்கு மேல் இறக்கம். பழைய கார்களில் கீல்கள் நெருக்கமாக இருந்து கதவு நீளமாக இருந்தால், அதாவது இரண்டு கதவு வண்டிகளில், இந்தக் கணக்கு இன்னும் மோசம்.

கழற்றும் வேலை. கண்ணாடியைக் கையால் சுற்றி இறக்கும் வண்டி என்பதால் கதவுக்குள் வயர் எதுவும் போகவில்லை. பவர் விண்டோ, ஸ்பீக்கர் இருந்தால் முதலில் கனெக்டரைக் கழற்றிவிட வேண்டும். கண்ணாடியோடு கதவு 20 கிலோவுக்குக் குறையாது, அதனால் அடியில் ஜாக், அதன்மேல் மரக்கட்டை, கட்டையின்மேல் பழைய துணி. கதவு அளவுக்கு மேல் திறக்காமல் பிடிக்கும் பட்டையான செக் ஸ்ட்ராப்பைக் கழற்றிய பிறகு கதவை ஒரு நொடிகூடக் கையை விட்டு விடக் கூடாது. அதைத் தடுத்து நிறுத்த எதுவும் இருக்காது, நேராகப் போய் முன் ஃபெண்டரில் இடிக்கும்.

போல்ட்டைத் தளர்த்துவதற்கு முன் ஒவ்வொரு கீல் தகட்டைச் சுற்றியும் கூர்முனையால் கோடு கீறிக்கொண்டேன். பெயின்ட் போகிறதே என்று சிலர் மார்க்கர் போடுவார்கள். பெனட்ரேட்டிங் ஆயில் பட்டதும் மார்க்கர் கோடு கரைந்துவிடும், கீறின கோடு அங்கேயே இருக்கும். மேல் கீலுக்குப் பின்னால் இடைவெளியை நிரப்ப வைக்கும் ஒரு மெல்லிய ஷிம் தகடு வந்தது. இது எங்கே இருந்தது, எந்தப் பக்கம் என்று எழுதி டேப் ஒட்டி வைத்தேன்.

கீல் கைக்கு வந்ததும் வைஸில் பிடித்தேன். என் வண்டியில் பில்லர் பக்கத் தகட்டில் இரண்டு காதுகள், அவற்றுக்கு நடுவே கதவுப் பக்கத் தகட்டின் குழல். குழலின் மேலும் கீழும் ஒவ்வொரு புஷ். பின்னின் தலைக்குக் கீழே சிறு வரிகள் வெட்டியிருக்கும், அவை மேல் காதில் இறுகப் பிடித்துக்கொள்கின்றன. ஆக பின் சுற்றுவதில்லை, புஷ்தான் அதைச் சுற்றி வருகிறது. ராத்திரி முழுக்க எண்ணெய் ஊற வைத்து, அடியில் ஒரு பெரிய சாக்கெட்டை முட்டுக் கொடுத்து, பின்னைவிடச் சற்று மெல்லிய இரும்புக் கம்பியை (பஞ்ச்) வைத்துத் தட்டினேன். நேரடியாகச் சுத்தியலால் அடித்தால் பின்னின் நுனி விரிந்து அங்கேயே மாட்டிக்கொள்ளும். மேல் கீல் பின் கொஞ்சம் அடம்பிடித்தது, ஹீட் கன் காட்டியதும் இறங்கியது. கீல் வண்டியில் இருக்கும்போதே சூடு காட்டுவது எனக்குப் பிடிக்காது, பக்கத்திலேயே பெயின்ட்டும் ரப்பரும் இருக்கின்றன.

கழற்றிய புஷ்ஷைப் பார்க்கவே சுவாரசியமாக இருந்தது. ஒரு பக்கம் சுவர் முழுக் கனமாக, எதிர்ப்பக்கம் காகிதம்போல. கதவோடு புஷ்ஷும் சேர்ந்து திரும்புவதால் பாரம் எப்போதும் புஷ்ஷின் அதே இடத்தில்தான் விழுகிறது. பின்னில் அப்படி இல்லை. கதவு எவ்வளவு தூரம் திறக்குமோ அவ்வளவு தூரத்துக்குத் தேய்மானம் ஒரு வளைவாகப் பரவியிருந்தது. மேல் பின்னில் அது வண்டியின் முன்பக்கம் பார்த்து, கீழ்ப் பின்னில் பின்பக்கம் பார்த்து. வெர்னியர் அளவுகோலில் தேயாத இடம் 8 மி.மீ., தேய்ந்த இடம் 7.6. கைக்குத் தடவினாலே படி தட்டியது.

மேல் கீலின் அடிப்புஷ்ஷில் இன்னொரு விஷயம். அதன் விளிம்பு வளையம், கதவின் எடையைக் கீழ்க்காதின்மேல் தாங்குகிற பகுதி, மொத்தமாக உதிர்ந்துபோயிருந்தது. இரும்பும் இரும்பும் உரசிக்கொண்டிருந்திருக்கின்றன. காது முழுக்கக் கறுப்பு மை மாதிரி அழுக்கு. அந்த விளிம்பின் கனம் 1 மி.மீ.தான், ஆனால் சாய்ந்தது போக, கதவு நேராகவும் கொஞ்சம் இறங்கியதற்கு அதுவே காரணம். ஜாக் வைத்துக் கதவைத் தூக்கி, அல்லது கீல் இடுக்கில் கட்டை வைத்துச் சாத்தி, தகட்டை வளைத்துச் 'சரி' செய்யும் வைத்தியம் எனக்கு ஒருபோதும் ஒப்பாததற்கு இதைக் காட்டினாலே போதும். உள்ளே புஷ் இல்லாத கீலை எப்படி வளைத்தால் என்ன?

குழலின் துளையை இரண்டு திசையில் அளந்தேன். கீழ்க் கீலில் இரண்டு முனையும் வட்டமாகவே இருந்தன, கடையில் கிடைக்கும் 10 மி.மீ. புஷ் நேராகப் போகும். மேல் கீலில் அந்த அடி முனை நீள்வட்டமாகிவிட்டது. அதில் ரெடிமேட் புஷ்ஷை அடித்தால் சில மாதத்தில் புஷ்ஷே துளைக்குள் ஆட ஆரம்பிக்கும். அதனால் அந்த முனையை மட்டும் துளையை அளவாகப் பெரிதாக்கும் கருவியான ரீமரால் 10.5க்குத் திறந்து, லேத்தில் பாஸ்பர் வெண்கலத்தில் விளிம்போடு ஒரு புஷ் கடைந்து வாங்கினேன். வெளி விட்டம் துளையைவிட 0.03 மி.மீ. கூடுதல், அழுத்திப் போட்டால் பிடித்து நிற்க அது போதும்.

கை ரீமரை ஒரே திசையில்தான் சுற்ற வேண்டும், வெளியே எடுக்கும்போதும் அதே திசை. திருப்பிச் சுற்றினால் முனைகள் மழுங்கும், துளையிலும் கோடு விழும். புஷ்ஷைச் சுத்தியலால் அடிக்காமல், நீள போல்ட், நட், இரண்டு தடித்த வாஷர் வைத்து முறுக்கி இழுத்தேன். விளிம்பு உடையாமல் நேராக உட்கார்ந்தது. அழுத்திப் போட்டதும் உள் விட்டம் லேசாகச் சுருங்கும், புதுப் பின் போகவே போகாது. கடைந்த புஷ்ஷில் 8 மி.மீ. ரீமரை ஒரு தடவை ஓட்டினேன். ரெடிமேட் புஷ் எண்ணெய் ஊறிய தூள்உலோக வகையாக இருந்தால் உள்ளே ரீமர் போடக் கூடாது. அதன் நுண்துளைகள் அடைபட்டு, எண்ணெய் கசிவது நின்றுவிடும். அவற்றைச் சரியான அளவுள்ள வழவழப்பான கம்பியோடு சேர்த்துத்தான் அழுத்த வேண்டும்.

புஷ் வேலை இத்தோடு முடிந்தது. கதவைத் திரும்ப உட்காரவைப்பதில்தான் நேரம் போகிறது, அதை யாரும் சொல்வதில்லை.

முதலில் ஸ்ட்ரைக்கரை முழுசாகக் கழற்றி வைத்தேன். அது இருந்தால் சாத்தும்போதெல்லாம் கதவைத் தன் இஷ்டத்துக்குத் தூக்கிப் பிடிக்கும், கீல் சரியாக இருக்கிறதா என்றே தெரியாது. பழைய கோட்டில் கீல்களை வைத்து, போல்ட்டுகளைப் பாதி இறுக்கிக் கதவை மாட்டினேன். மாட்டியதும் பின் விளிம்பு மேலே தூக்கிக்கொண்டு நின்றது. அது நல்ல அறிகுறிதான். முன்பு தேய்ந்த கீலோடு யாரோ தகட்டைத் தள்ளி ஈடுகட்டியிருக்கிறார்கள், இப்போது தேய்மானம் இல்லாததால் அந்த ஈடு மிச்சமாக நிற்கிறது. பில்லர் பக்கத்தில் மேல் கீலை மட்டும் முன்னுக்குத் தள்ளினால் பின் விளிம்பு ஏறும், பின்னுக்கு இழுத்தால் இறங்கும். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகப் பின்னுக்கு இழுத்ததே போதுமாக இருந்தது.

இடைவெளியைப் பின்பக்கக் கதவோடு ஒப்பிட்டு மேலிருந்து கீழ்வரை ஒரே அளவில் கொண்டுவந்தேன், சுமார் 5 மி.மீ. பிறகு உள்-வெளி மட்டம். முன் கதவின் பின் விளிம்பு பின்கதவைவிட இம்மியளவு வெளியே இருக்கலாம், உள்ளே போகக் கூடாது. போனால் ஓடும்போது பின்கதவின் விளிம்பில் காற்று மோதி ஊளையிடும். எல்லாம் திருப்தியான பிறகே ஸ்ட்ரைக்கரை மாட்டினேன். மெதுவாகச் சாத்தும்போது லாக் அதன் நடுவில் நுழைய வேண்டும், கதவு ஏறவும் கூடாது, இறங்கவும் கூடாது. ஸ்ட்ரைக்கர் போல்ட் இப்போது துளையின் நடுப்பகுதிக்கு வந்துவிட்டது.

கடைந்த புஷ்ஷுக்குக் கொஞ்சம் கிரீஸ், செக் ஸ்ட்ராப்புக்கு வெள்ளை லித்தியம் கிரீஸ். வழிந்ததைத் துடைத்துவிட்டேன், இல்லையென்றால் தூசி ஒட்டிக்கொண்டு புதுப் புஷ்ஷையே அரைக்கும்.

இப்போதைய நிலவரம்: தூக்கிப் பார்த்தால் ஆட்டம் இல்லை, சாத்த ஒரு விரல் போதும். ரப்பர் பீடிங்குக்கும் கதவுக்கும் நடுவே காகிதத் துண்டை வைத்துச் சாத்தி இழுத்துப் பார்த்தேன். சுற்றிலும் பிடிக்கிறது, கண்ணாடிச் சட்டத்தின் மேல் மூலையில் மட்டும் வழுக்கிக்கொண்டு வருகிறது. கதவு இத்தனை காலம் தொங்கிக் கிடந்ததில் அங்கே பீடிங் அமுங்கியே போயிருக்கிறது, கீலால் அதைச் சரிசெய்ய முடியாது. புது பீடிங் வாங்கிப் போட்டுவிட்டு அப்புறம் எதிர்ப்பக்கக் கதவை எடுக்கலாம் என்றிருக்கிறேன். அதில் ஆட்டம் கம்மிதான், ஆனால் ஸ்ட்ரைக்கரில் இப்போதே ஒரு பள்ளம் விழ ஆரம்பித்திருக்கிறது.