ஃபேட்டி லிவருக்கு நடை: முதல் 12 வாரம்

ஸ்கேன் ரிப்போர்ட்டில் ‘கிரேடு 2 ஃபேட்டி லிவர்’ என்று வந்த மறுநாளே ஷூ வாங்கி ஓடக் கிளம்புகிறவர்களை நிறையப் பார்த்தாயிற்று. மூன்றாம் நாள் முழங்கால் பிடித்துக்கொள்ளும். ஷூ கட்டிலுக்கு அடியில் போய்விடும்.

முதலில் ஈரலில் தழும்பு விழுந்திருக்கிறதா என்று தெரிய வேண்டும். வயது, ரத்தப் பரிசோதனையில் வரும் ஈரல் என்சைம்கள் ஏஎஸ்டி, ஏஎல்டி, ரத்தத் தட்டணுக்களான பிளேட்லெட் நான்கையும் வைத்துப் போடும் ஃபிப்-4 கணக்கு 1.3-க்குக் கீழே இருந்தால் பெரும்பாலும் பயமில்லை. 65 வயது தாண்டியவர்களுக்கு எல்லை 2. இந்த எல்லைகளைத் தாண்டினால், ஈரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் எடுத்து, டாக்டரிடம் கேட்டுக்கொண்டுதான் தொடங்க வேண்டும். ஈரல் முழுக்கத் தழும்பாகிச் சுருங்கும் சிரோசிஸ் முற்றி, உணவுக்குழாயில் ரத்தக்குழாய் புடைத்திருப்பவர்கள் மூச்சைப் பிடித்து எடை தூக்கவே கூடாது.

சேர வேண்டிய இடம், வாரத்துக்கு 150 நிமிட வேக நடை. ‘வேகம்’ என்பதில்தான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். போனில் ஒரு நிமிடம் டைமர் வைத்து அடிகளை எண்ணிப் பாருங்கள். பேசிக்கொண்டே போகிற நடை 70, 80-இல் நிற்கும். 100-ஐயாவது தொட வேண்டும். பேச்சு வர வேண்டும், பாட்டு வரக் கூடாது; அதுதான் அளவு.

முதல் இரண்டு வாரம் தினம் 15 நிமிடம், வாரத்துக்கு 5 நாள். அடுத்த இரண்டு வாரம் 20, 25. ஐந்தாம் வாரம் 30 நிமிடம் வந்தால் 150 ஆகிவிட்டது. அதற்குப் பிறகு மேம்பாலம், மாடிப்படி என்று ஏற்றத்தைச் சேர்க்கலாம். முழங்கால் தேய்மானம் உள்ளவர்களுக்குச் சைக்கிள்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் மொத்தமாக நடந்துவிடலாமே என்று கேட்பார்கள். சாப்பிட்ட சோற்றின் சர்க்கரையை வாங்கி வைத்துக்கொள்ளும் பெரிய கிடங்கு தசைதான். உட்கார்ந்தே இருந்தால் அது வாங்க மறுக்கும். மிஞ்சியதில் ஒரு பங்கு ஈரலில் கொழுப்பாகும். நடந்த தசை மறுபடி இன்சுலின் சொல் கேட்கும், ஆனால் ஒன்றிரண்டு நாளுக்குத்தான். ஆகவே தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் இடைவெளி வேண்டாம்.

தசையைக் கூட்ட வாரத்தில் இரண்டு, மூன்று நாள் எடைப் பயிற்சி. நாற்காலியில் கை ஊன்றாமல் உட்கார்ந்து எழுவது 10 தடவை, சுவரில் தண்டால் 10, ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைத் தலைக்கு மேல் தூக்குவது 10. இதை இரண்டு சுற்று. தூக்கும்போது மூச்சை வெளியே விடுங்கள்.

நான்காம் வாரம்தான் ஆபத்தான வாரம். எடை மெஷினில் முள் நகர்ந்திருக்காது, மனசு விட்டுப்போகும். எடை குறையாமலேயே ஈரல் கொழுப்பு குறையும் என்பது ஆய்வுகளில் தெளிவாக வந்த விஷயம். இடுப்பு டேப்பைப் பாருங்கள்: ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ.க்குக் கீழே கொண்டுவர வேண்டும். ஆனால் ஈரலில் வீக்கமும் தழும்பும் இருந்தால் எடையும் 7 முதல் 10 சதவீதம் இறங்கியாக வேண்டும். அங்கே நடை மட்டும் போதாது. நடந்து முடித்துப் பார்க் வாசலில் சர்க்கரை போட்ட ஜூஸ் குடித்தால் எதற்கு நடந்தோம்?

கிளிமிபிரைடு மாதிரி சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் கிளம்ப வேண்டாம். பையில் குளுக்கோஸ் இருக்கட்டும். கை நடுங்கி வியர்த்தால் உடனே நின்று சாப்பிட வேண்டும்.

மறுபரிசோதனையில் இரண்டு குழப்பம் வரும். கடுமையாக எடை தூக்கிய மறுநாள் ரத்தம் கொடுத்தால் தசையிலிருந்து கசிந்தே ஏஎஸ்டி, ஏஎல்டி ஏறிக் காட்டும். ஈரல் கெட்டுவிட்டதென்று வீணாகப் பயப்படுவார்கள். பரிசோதனைக்கு முந்தைய ஒரு வாரம் எடையை விட்டுவிட்டு நடை மட்டும் போதும். இன்னொன்று, சாதாரண அல்ட்ராசவுண்டில் சின்ன மாற்றம் தெரியாது. கொழுப்பு குறைந்திருந்தும் அதே ‘கிரேடு 2’ வரலாம். ஃபைப்ரோஸ்கேனில் ஈரல் கொழுப்பைக் காட்டும் ‘கேப்’ (CAP) எண்ணை ஒப்பிடுங்கள்: முடிந்தவரை அதே சென்டர், அதே மெஷின், மூன்று மணி நேரம் வெறும் வயிறு.