கடலுக்கு முன்னால் நின்று வரைவதில்லை

கொழும்பு வெள்ளவத்தையில் வீடு, தண்டவாளத்தைத் தாண்டினால் பாறையும் கடலும், அங்கேயே நின்று வரையலாமே என்று கனபேர் கேட்கிறார்கள். வரையலாம்தான். நான் வரைவதில்லை, போனில் படம் எடுத்துவந்து அதைப் பார்த்து வரைவதும் இல்லை.

சின்ன வயதில் வரைந்ததெல்லாம் கடைக் கலண்டர் சாமிகள். முருகனின் வேலில் மின்னுகிற வெளிச்சம்கூடத் தப்பாமல் வந்துவிடும், அம்மா வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவா. கை பழகியது அதில்தான், ஆனால் எதிரே கலண்டர் இல்லாவிட்டால் தாள் வெள்ளையாகவே கிடக்கும்.

அப்புறம் பார்ன்ஸ் பிளேஸில் ஓவியர் ஹரி பீரிஸ் வாழ்ந்த வீட்டில், இப்போது அது சபுமல் பவுண்டேஷன் என்ற ஓவியக் காட்சியகம், ஐவன் பீரிஸின் ஓவியங்களைப் பார்த்தேன். 1943இல் கொழும்பில் தொடங்கிய '43 குழு' என்ற ஓவியர் குழுவில் ஐவனும் ஒருவர். 1950களில் இங்கிலாந்துக்குப் போனவர் 1988இல் சாகும்வரை அங்கேதான் இருந்தார், ஆனால் வரைந்துகொண்டே இருந்தது நம்முடைய கரையை. அவ்வளவு தூரத்திலிருந்து நுரையையும் கிளிஞ்சலையும் யார் ஞாபகம் வைத்திருப்பது? தேவையில்லாதது தானாகவே உதிர்ந்துவிட்டிருக்கிறது, மிச்சம் நிற்பது ஒரு கரை, சில ஆட்கள், அவர்களும் மரம் மாதிரி அசையாமல்.

எனக்குக் கடல் ஐந்து நிமிட நடை, அதனால் தூரத்தை நானே உண்டாக்க வேண்டியிருக்கிறது. பின்னேரம் போய்ப் பார்ப்பேன், வரைவது அடுத்த நாள். கறுப்பு டியூப் வாங்குவதில்லை. அல்ட்ராமரின் நீலத்தோடு பர்ன்ட் சியன்னா என்ற மண்நிறத்தைக் குழைத்தால் கிட்டத்தட்டக் கறுப்பு வரும், நீலத்தைக் கொஞ்சம் கூட்டினால் நனைந்த பாறை, மண்நிறத்தைக் கூட்டினால் காய்ந்த பாறை. அக்ரிலிக் காயும்போது ஒரு படி இருண்டுவிடும் என்பதையும் கணக்கில் எடுக்கவேண்டும், இல்லாவிட்டால் காலையில் பார்த்தால் வேறு படம்.

2022இல் பெயின்ட் விலை கேட்கவே பயமாக இருந்த நேரம், நீலம் முடிந்துபோய், இருந்த மண்நிறத்திலேயே ஒரு கடல் வரைந்தேன். பிறகு கிரீன் பாத்தில் கலா பொல என்ற தெருவோர ஓவியச் சந்தையில் அதை வைத்திருந்தபோது வயதான ஐயா ஒருவர் கிட்ட வந்து பார்த்துவிட்டு, "தம்பி, இது மழைக்கு முந்தின கடல்தானே?" என்றார். நான் மழையை நினைக்கவே இல்லை. ஓம் என்று சொல்லிவிட்டேன், அவருடைய ஞாபகத்தில் அது அப்படி இருக்கிறதென்றால் சரிதானே.

வயிற்றுப்பாட்டுக்கு போட்டோ பார்த்துக் கல்யாண போர்ட்ரெய்ட்டும் வரைகிறேன். அது வேறு கணக்கு. அதில் மாப்பிள்ளையின் மீசையில் ஒரு மயிர் குறைந்தாலும் போன் வரும்.