மூன்று முகங்கள்

"வேலை அதிகம்தான் தம்பி, ஆனால் நிறையக் கற்றுக்கொள்ளலாம்." கடந்த நவம்பரில் நான் சொன்னது இவ்வளவுதான். மறுநாள் காலை அவனுக்கு, அமெரிக்காவில் எங்கள் மருத்துவமனையின் இன்டர்னல் மெடிசின் ரெசிடென்சிக்கு, அதாவது பொது மருத்துவப் பயிற்சிக்கு, ஜூமில் நேர்காணல். ஊரில் என் கல்லூரியில் படித்தவன், எனக்கு நான்கு வருடம் இளையவன். "அக்கா, உங்கள் இடத்தை மாலிக்னன்ட் என்கிறார்களே, உண்மையா?" என்று நேராகவே கேட்டான். பயிற்சி மருத்துவர்களைப் பிழிந்தெடுக்கும் இடத்துக்கு அப்படியொரு பெயர்.

விசாரிக்காமல் வந்தவனில்லை. வாரியத் தேர்வில் எங்கள் மூன்று வருடத் தேர்ச்சி விழுக்காடு, பயிற்சி இடங்களைக் கண்காணிக்கும் ஏசிஜிஎம்ஈ அமைப்பின் அங்கீகாரத்தில் எச்சரிக்கை எதுவும் இல்லாதது, எல்லாம் பார்த்திருந்தான். போன வருட இணையப் பக்கத்தையும் இந்த வருடத்துப் பக்கத்தையும் அருகருகே வைத்து முகங்களை எண்ணியிருந்தான்.

"முதலாண்டில் இருந்த மூன்று பேர் இரண்டாமாண்டில் இல்லையே, அக்கா?"

"ப்ரிலிம் ஆட்கள் ஒரு வருடத்துக்கென்றே வருகிறவர்கள்" என்றேன்.

பொய் இல்லை. ஆனால் அந்த மூவரில் ப்ரிலிம் ஒருவர்தான். இன்னொருவர் பாதியில் விட்டுப் போனார். மற்றவருக்கு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. மூவருமே ப்ரிலிம் என்று அவன் எடுத்துக்கொண்டான். "ஓ, சரி அக்கா" என்று சொன்ன குரலில் அப்படியொரு நிம்மதி. நான் திருத்தவில்லை.

அவன் கையில் மொத்தம் இரண்டே நேர்காணல் அழைப்புகள். படிப்பு முடித்து மூன்று வருடம் ஆகிவிட்டது, விசாவும் வேண்டும். அப்படிப்பட்டவனை இரவு பத்து மணிக்குப் பயமுறுத்தினால் காலையில் அது முகத்தில் தெரியாதா? 2019இல் பிலடெல்பியாவில் ஹானிமன் மருத்துவமனையையே மூடிவிட்டார்கள். அத்தனை பழைய, பெயர் பெற்ற இடம். 500க்கும் மேற்பட்ட பயிற்சி மருத்துவர்கள் வேறு இடம் தேடி அலைந்தார்கள். பெயரை விசாரித்து என்ன கண்டோம்?

இப்படி யோசித்து ஒரு வாரம் நன்றாகத் தூங்கினேன். பிறகுதான் உறைத்தது: ஹானிமனுக்கும் என் வாய் அடைத்துக்கொண்டதற்கும் என்ன சம்பந்தம்? பயிற்சி இயக்குநருக்குப் பயந்தேன் என்றும் சொல்ல முடியாது. அடுத்த கட்டச் சிறப்புப் பயிற்சியான ஃபெலோஷிப்புக்கு எனக்கு அவர் தந்த பரிந்துரைக் கடிதம் ஜூலையிலேயே போய்விட்டது.

சொல்லியிருக்க வேண்டியது ஒன்றுதான். நான்கு வாரச் சராசரியில் வேலை வாரத்துக்கு 80 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்பது விதி. ஐசியூ மாதத்தில் என் சராசரி 86 என்று வந்தபோது தலைமை ரெசிடென்ட் கோபிக்கவில்லை. "ஒருமுறை சரிபார்த்துவிடுங்களேன்" என்றார், மிக அன்பாக. அன்றிரவு அறையில் உட்கார்ந்து ஒவ்வொரு நாளாகத் திறந்து, வீட்டுக்குப் போன நேரத்தை ஒரு மணி, இரண்டு மணி முன்னுக்கு இழுத்தேன். 79இல் நிறுத்தினேன். அந்தக் கணக்குதான் மேலே போகிறது. அதைப் பார்த்துத்தான் எச்சரிக்கை எதுவும் இல்லை என்று அவன் நம்பினான்.

ஆனாலும் கற்றுக்கொள்ளலாம் என்றது பொய்யில்லை. கை நடுங்காமல் பெரிய ரத்தக் குழாயில் சென்ட்ரல் லைன் போட இங்கேதான் பழகினேன். எனக்கு முன்னால் இங்கே இருந்த அண்ணன் ஒருவரும் என் நேர்காணலுக்கு முன் இதே வாக்கியத்தைத்தான் சொன்னார். அவர் மீது எனக்குக் கோபம் இருக்கிறதா என்று யோசித்துப் பார்த்தேன். சில நாள் இருக்கிறது.

மார்ச்சில் மேட்ச், அதாவது யாருக்கு எந்த மருத்துவமனை என்ற முடிவு, வந்தது. அவன் எங்கள் இடத்துக்குத்தான் வருகிறான். "நீங்கள் சொன்ன தைரியம்தான் அக்கா" என்று எழுதியிருந்தான். ஜூன் கடைசியில் நான் கிளம்புகிறேன். அவன் உள்ளே வருகிறான்.

போன வாரம் வீடு பற்றிக் கேட்டான். பதினைந்து மைல் தள்ளிப் போனால் வாடகை பாதியாம். "வேண்டாம், மருத்துவமனைக்கு நடக்கும் தூரத்தில் எடு. 28 மணி நேரம் விழித்திருந்துவிட்டு நெடுஞ்சாலையில் கார் ஓட்டாதே" என்று எழுதினேன்.

உடனே பதில் வந்தது: "அடிக்கடி அப்படி வருமா, அக்கா?"

இன்னும் பதில் எழுதவில்லை.