பாசிக்குப் போகிறவர்கள்

பாம்பன் பக்கம் புயல் எச்சரிக்கை வந்தால், ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டித் தெருத்தெருவாக அறிவிப்பார்கள். அந்த அறிவிப்பை எழுதித் தருவது சில வருடங்களாக என் வேலை. மேலிருந்து வாசகம் வரும்: "மன்னார் வளைகுடாவில் சூறாவளிக்காற்று மணிக்கு 45 முதல் 55 கி.மீ. வேகத்தில் வீசக்கூடும். மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம்." அதையே பார்த்து எழுதிக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் விடிகாலை, ஆட்டோ கடந்துபோன தெருவிலேயே ஐந்தாறு பெண்கள் கரைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். ஒரு அக்கா வாசலில் உட்கார்ந்து விரல் விரலாகத் துணி சுற்றிக்கொண்டிருந்தார். கடற்பாசி பறிக்கும்போது பாறை கையைக் கிழிக்கும், அதற்காக. முடிச்சைப் பல்லால் கடித்து இறுக்கினார். முங்குவதற்கான கண்ணாடி மடியில் கிடந்தது.

"அறிவிப்பு கேக்கலையாக்கா?"

"கேட்டுச்சே தம்பி. மீனவர்கள் போக வேணாம்னுதானே சொன்னீங்க? நாங்க பாசிக்குல்ல போறோம்."

விளையாட்டுப் பேச்சில்லை அது. கடலுக்குப் போவதென்றால் அங்கே படகேறி வலை போடுவது. பாசிக்குப் போவது வேறு. தண்ணீரில் இறங்கி மூச்சடக்கி முங்குகிறவர்களை நான் எழுதிய வரி கூப்பிடவே இல்லை. விவரம் சொன்னதும் திரும்பிவிட்டார்கள். அந்தத் தெரு வழியாக நான் வராமல் இருந்திருந்தால் என்று நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது.

அப்புறம் ஒவ்வொரு சொல்லையும் நிறுத்திப் பார்க்க ஆரம்பித்தேன். பாம்பன் தீவுக்கு வடக்கே பாக் விரிகுடா, அது வடகடல். தெற்கே மன்னார் வளைகுடா, அது தென்கடல். ஒன்று கொந்தளிக்கும்போது இன்னொன்று குளம்போலக் கிடக்கும். ஆகவே எந்தக் கடல் என்பதுதான் கேட்பவரின் முதல் கேள்வி. 'ஆழ்கடல்' என்று போட்டால், கரையோரம் தொழில் செய்யும் நாட்டுப்படகுக்காரர் தனக்கில்லை என்று எடுத்துக்கொள்வார். துறைமுகத்தில் ஏற்றும் 11-ம் எண் கூண்டை ஆகப் பெரிய புயல் என்று நினைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். வானிலை மையத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது என்பதற்கான கூண்டு அது.

வருகிற வாசகத்தில் இன்றும் 'மீனவர்கள்' மட்டும்தான். ஆட்டோ கிளம்புமுன் பேனாவால் சேர்த்துவிடுகிறேன்: "தென்கடலில் காற்று பலமாக இருக்கும். விசைப்படகு, நாட்டுப்படகு எதுவும் போக வேண்டாம். பாசிக்குப் போகிறவர்களும் தண்ணீரில் இறங்க வேண்டாம்."