இயா டிராங்: நவம்பர் குறிப்புகள்

நவம்பர் 14, 2025

இயா டிராங் சண்டை தொடங்கி இன்றோடு 60 வருடம். வியட்நாமின் மத்திய மேட்டுநிலத்தில், கம்போடியா எல்லைப் பக்கம் ஓடும் ஆறு அது. அமெரிக்கத் தரைப்படையும் வடவியட்நாம் படையும் பெரிய அளவில் நேருக்கு நேர் மோதியது முதலில் இங்கேதான். அந்தந்த நாளில் நடந்ததை அந்தந்த நாளில் படித்து எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை.

காலை 10.48. சூ பாங் மலையடிவாரத்தில், 'எக்ஸ்-ரே' என்று பெயர் வைத்திருந்த வெட்டவெளியில் அமெரிக்கப் படையின் லெப்டினன்ட் கர்னல் ஹால் மூர் இறங்கினார். அவருடைய பட்டாலியனில் இருந்ததே 450 பேர் அளவில்தான். ஹெலிகாப்டர்கள் 16, ஒரு நடைக்கு 80, 90 பேர், போய்த் திரும்ப ஏறக்குறைய அரை மணி நேரம். மலையில் வடவியட்நாமின் மூன்று பட்டாலியன்கள் இருப்பதாகப் பிடிபட்ட எதிரி வீரர் ஒருவர் சொன்னபோது, மூரின் ஆட்களில் பெரும்பாலோர் இன்னும் வந்து சேரவில்லை. படிக்கிற எனக்கே அந்த இடத்தில் வயிற்றைப் பிசைந்தது.

நவம்பர் 15

நேற்றே 29 பேர் கொண்ட ஒரு பிளாட்டூன் முன்னால் போய்த் தனியாக மாட்டிக்கொண்டது. தலைமையில் இருந்தவர்கள் அடுத்தடுத்து விழ, சார்ஜன்ட் எர்னி சாவேஜ் பொறுப்பெடுத்தார். தங்களைச் சுற்றியே பீரங்கிக் குண்டு போடச் சொல்லி ராத்திரியைக் கடத்தினார். இன்று பிற்பகல்தான் மீட்டார்கள்.

காலையில் விமானம் போட்ட நேபாம் என்ற எரிகுண்டு தவறிப்போய் சொந்த ஆட்கள் மேலேயே விழுந்தது. எரிந்துகொண்டிருந்த ஒருவரைத் தூக்க ஓடியவர்களில் செய்தியாளர் ஜோ கேலோவேயும் ஒருவர். அந்த வீரர் பிழைக்கவில்லை.

நவம்பர் 17

எக்ஸ்-ரேயைக் காப்பாற்றிவிட்டார்கள். 79 அமெரிக்கர்கள் செத்தார்கள். இந்தச் சண்டையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். அது எனக்குப் பெரிய அநியாயமாகப் படுகிறது.

பி-52 விமானங்கள் மலையில் குண்டு போட வேண்டும் என்பதால், அங்கிருந்த படைகளை விலகி நடக்கச் சொன்னார்கள். மெக்டேட் தலைமையிலான இன்னொரு பட்டாலியன் 'ஆல்பனி' என்ற வெளியை நோக்கிப் புறப்பட்டது. சரியான தூக்கம் இல்லாத ஆட்கள். ஆளை மறைக்கும் யானைப்புல். வழியில் எதிரி வேவுக்காரர்கள் இருவர் பிடிபட, வரிசை நின்றது. கம்பெனித் தலைவர்களை மெக்டேட் முன்னால் கூப்பிட்டார். அவர்கள் போனார்கள். பின்னால் நீண்டு கிடந்த வரிசையில் பையன்கள் புல்லில் உட்கார்ந்தார்கள், சிலர் சாய்ந்துகூட விட்டார்கள்.

அப்போதுதான் தாக்கினார்கள். எதிரியின் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு சண்டை போட வேண்டும் என்பது வடவியட்நாம் படையின் பேச்சு. அவ்வளவு நெருங்கிவிட்டால் பீரங்கியும் விமானமும் அடிக்க முடியாது. ஆல்பனியில் அப்படித்தான் ஆனது. புல்லுக்குள் யார் எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை. 155 அமெரிக்கர்கள் இறந்தார்கள், எக்ஸ்-ரேயைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. இதற்கு மேல் இன்று எழுத முடியவில்லை.

நவம்பர் 20

ஜார்ஜியா மாநிலத்தில் கொலம்பஸ் என்ற ஊர். படைவீரர்களின் குடும்பங்கள் பலவும் அங்கேதான் இருந்தன. சாவுச் செய்தி தந்தியாக வந்தது. கொண்டுவந்து கொடுத்தவர்கள் டாக்சி டிரைவர்கள். தெருவில் மஞ்சள் டாக்சி வந்தாலே பெண்கள் நடுங்கியிருக்கிறார்கள். மூரின் மனைவி ஜூலியா அந்த வீடுகளுக்குப் போனார், அடக்கங்களில் நின்றார், இப்படிச் சொல்லக் கூடாது என்று ராணுவத்திடம் மன்றாடினார். அப்புறம்தான் அதிகாரியும் பாதிரியாரும் நேரில் போகும் வழக்கம் வந்தது.

எங்கள் அப்பத்தா தந்திக்காரரைக் கண்டால் பிரிக்கும் முன்பே மாரில் அடித்துக்கொள்ளும். கொலம்பஸ் பெண்களை எனக்குப் புரிகிறது.

இரண்டு மாதம் போலக் காட்டுப் பாதையில் நடந்து வந்த வடவியட்நாம் பையன்களின் அம்மாக்களையும் நினைக்கிறேன். உடல்கூடக் கிடைக்காத வீடுகள் அந்த நாட்டில் லட்சக்கணக்கில் இருக்கின்றன.

நவம்பர் 30

அமெரிக்கர் ஒருவர் செத்தால் எதிரியில் பத்துப் பேர் என்று கணக்குப் போட்டு, இப்படியே தேய்த்து ஜெயித்துவிடலாம் என்று தளபதி வெஸ்ட்மோர்லாண்ட் நம்பினார். பாதுகாப்பு அமைச்சர் மெக்நமாரா வியட்நாம் போய்வந்து 1965-ல் இதே தேதியிட்ட குறிப்பில் ஜனாதிபதிக்கு எழுதினார்: அமெரிக்கச் சாவு மாதம் 1,000 ஆகலாம், அப்போதும் வெற்றி நிச்சயமில்லை. ஆனாலும் இன்னும் ஆட்களை அனுப்பச் சொன்னதும் அதே குறிப்புதான். அந்த வருடக் கடைசியில் வியட்நாமில் 1,84,000 அமெரிக்கத் துருப்புகள். 1968-ல் 5 லட்சத்துக்கும் மேல்.