கோபியின் செல்டிக்ஸ் சிஷ்யன்

அமெரிக்க என்.பி.ஏ. கூடைப்பந்தில் நான் லேக்கர்ஸ் அணியின் கட்சி. 2010 இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டத்தைக் காலை டிபனை மறந்து பார்த்தவன். எங்கள் நட்சத்திரம் கோபி பிரையன்ட் கூடைக்கு 24 தடவை எறிந்ததில் 6 தான் விழுந்தது. ஆனாலும் 15 ரீபவுண்ட் (கூடையில் விழாமல் திரும்பும் பந்து) பிடித்து, எங்கள் பரம எதிரியான பாஸ்டன் செல்டிக்ஸைச் சாய்த்தார்.

அதே மனுஷன் ஓய்வு பெற்றபின், 2018 கோடையில், செல்டிக்ஸின் ஜேசன் டேட்டமுக்குப் பயிற்சி கொடுத்தார் என்றதும் எனக்கு வயிறு எரிந்தது. அடுத்த சீசனில் டேட்டம் எம்பிக் குதித்து எறியும் கஷ்டமான ஜம்ப் ஷாட்டாக எறிந்து தள்ள, பாஸ்டன் ரசிகர்கள் கோபியைத் திட்டினார்கள். (உள்ளுக்குள் எனக்குச் சந்தோஷம்தான்.)

2022 மே, கிழக்குப் பிரிவு இறுதித் தொடரில் செல்டிக்ஸுக்கு மியாமியுடன் ஏழாவது ஆட்டம். டேட்டம் கையில் லேக்கர்ஸ் நிறமான ஊதாவில் ஒரு பட்டை, அதில் கோபியின் சட்டை எண் 24. கோபி இறந்து இரண்டு வருஷமாகியும் அவருடைய போன் எண்ணுக்கு அன்று மெசேஜ் அனுப்பியிருந்தாராம்.

அன்றைக்கு மட்டும் செல்டிக்ஸ் ஜெயிக்கட்டும் என்று இருந்தது. ஜெயித்தார்கள். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.